வயிற்று நோயும் குருதிக்கட்டியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற ஆரோக்கிய அமர்வில், மருத்துவத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெண்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசுமாறு சங்கம் எங்களைக் கேட்டுக்கொண்டது. பலரும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒன்றையே தெரிந்தெடுத்தோம். அது குடல் அழற்சி நோயும், அதனால் உண்டாகக்கூடிய குருதிக்கட்டியும்.

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. ஒன்று குரோன்ஸ் நோய். மற்றையது பெருங்குடலின் உட்புறம் புண்ணாகும் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். இரண்டும் பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்குகின்றன. நாட்பட்ட வயிற்றோட்டம், வயிற்றுவலி, மலத்துடன் குருதி, உடல் மெலிவு என்பன அறிகுறிகள். சில காலம் தணிந்திருந்து, பின் திடீரெனக் கிளர்ந்தெழுவது இவற்றின் இயல்பு. குருதியைக் கண்டதும் மூலவியாதி என்று தாமே தீர்மானித்து, ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் நம்மிடையே உண்டு.

இந்நோய் குடலோடு நின்றுவிடுவதில்லை. இந்நோயாளரின் குருதிக்குழாய்கள் அடைபடுவதை 1936 இலேயே அமெரிக்காவின் மாயோ கிளினிக் வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். 2010 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று 13,000க்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்தது. அவர்களுக்கு நாளங்களில் குருதிக்கட்டி உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 மடங்குக்குச் சற்று மேல். நோய் கிளர்ந்த காலத்தில் ஏறத்தாழ 8 மடங்கு. இதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. கிளர்ந்த நிலையிலும் அது ஆண்டொன்றுக்கு 1000 பேருக்கு 9 பேர் என்ற அளவே.

காரணம் என்ன? அழற்சி கூடும்போது குருதியை உறையச்செய்யும் புரதங்களும் சிறுதட்டுக்களும் பெருகுகின்றன. வயிற்றோட்டத்தால் உடலில் நீர் வற்றுகிறது. களைப்பினால் படுக்கையிலேயே கிடக்கிறோம். இவற்றோடு ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பிரசவத்தின் பின்னான வாரங்கள், புகைத்தல், நீண்ட விமானப் பயணம் என்பனவும் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும்.

கட்டி பெரும்பாலும் காலில் உண்டாகும். ஒரு கால் மட்டும் வீங்கி, நோவெடுத்து, சூடாக இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அது நுரையீரலுக்குச் சென்றால் திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வரும். மூளையின் நாடி அடைபட்டால் பாரிசவாதம். அதன் வாய்ப்பு இந்நோயாளருக்குச் சற்றுக் கூடுதல் என்றும், இளவயதினரிடமும் பெண்களிடமும் அது தெளிவாகத் தெரிகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அரிதாக மூளையின் நாளமும் அடைபடலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு என்பன அதன் அடையாளங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழமையாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். இலங்கையில் 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நோய் கிளர்ந்து வைத்தியசாலையில் தங்கும்போது ஹெப்பரின் ஊசி போடுவார்கள். "குருதி போகிறவளுக்கு, குருதி உறையாமல் தடுக்கும் மருந்தா?" என்று உறவினர் தடுப்பதுண்டு. கடும் குருதிப்போக்கு இல்லாதவரை, அந்த ஊசி காப்பதே அதிகம். வைத்தியரிடம் விளக்கம் கேளுங்கள், மறுத்துவிடாதீர்கள். அதேபோல், வயிறு தணிந்துவிட்டது என்று குடலுக்கான மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழற்சியை அடக்கி வைத்திருப்பதே முதற் பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கால் வீங்கியவர் காலை மட்டும் காட்டுகிறார். தலைவலிக்காரர் தலையை மட்டும் சொல்கிறார். வயிற்றைப் பற்றிக் கேட்டால்கூட வெட்கத்தால் "ஒன்றுமில்லை" என்கிறார். சொல்லாததை வைத்தியர் எப்படி அறிவார்? கருத்தடை மாத்திரை கேட்கும்போதும், கர்ப்பமுற்றதும், சத்திரசிகிச்சைக்கு முன்னும், தூரப் பயணத்துக்கு முன்னும் "எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது" என்ற ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். உங்கள் மகள்மாருக்கும் சொல்லப் பழக்குங்கள்.