பம்மல் சம்பந்த முதலியார்: எழுதியும் நடித்தும் பயிற்றியும்



நாடகத்தை எழுதுவோர் ஒருவர், நடிப்போர் ஒருவர், பயிற்றி மேடையேற்றுவோர் மற்றொருவர். இம்மூன்று பணிகளையும் ஒருவரே மேற்கொள்ளுதல் தகுமா என்று வினவுவோர் உளர். அவர்கட்கு விடையாக அமைவது பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக வாழ்க்கை.

1873ஆம் ஆண்டு பிறந்து 1964இல் மறைந்த இப்பெரியார், இளமையில் தமிழ் நாடகங்களை மதித்தவரல்லர். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு அவர்களின் குழுவினர் சென்னையில் ஆடிய தெலுங்கு நாடகங்களே அவர் மனத்தை மாற்றின. கற்றோர் கூடி இத்துணைச் செம்மையாக நாடகம் ஆடவியலுமாயின், தமிழில் அது ஏன் இயலாது என்னும் எண்ணம் அவரை ஆட்கொண்டது. அவ்வாண்டிலேயே, பதினெட்டு வயதில், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்.

சபை பிறந்தது, அதற்கேற்ற நாடகங்கள் இல்லை. ஆகவே அவரே எழுதலானார். எழுதியதை நடித்துக் காட்டவும், நடிப்போரைப் பழக்கவும் அவரே முன்னின்றார். மூன்று தொழில்களும் அவரிடம் ஒன்றுகூடியது புகழ் வேட்கையால் அன்று, தேவையால். இவ்வாறு 90க்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் எழுத்தில் உருவாயின. 'மனோகரா'வில் மனோகரனாகவும், சேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டைத் தழுவிய 'அமலாதித்ய'னில் அமலாதித்யனாகவும் அவரே தோன்றினார்.

தான் எழுதிய வசனத்தைத் தானே பேச வேண்டியவனுக்கு, எச்சொல் நாவில் தடுக்கும், எவ்விடத்தில் அவையோர் சலிப்பர் என்பது உடனே புலனாகும். விடிய விடிய நீண்ட ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாடல்களைக் குறைத்து, உரைநடைப் பேச்சுக்கு முதன்மை தந்த அவரது சீர்திருத்தத்தில் இவ்வனுபவத்தின் பயனைக் காண்கின்றோம்.

'கூத்தாடி' என்பது வசைமொழியாக வழங்கிய காலம் அது. முதலியாரோ வழக்கறிஞராகவும், பின்னர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். பெண் வேடங்களில் அவருடன் நடித்துப் புகழ்பெற்ற ரங்கவடிவேலுவும் வழக்கறிஞரே. இத்தகையோர் அரிதாரம் பூசி மேடையேறியபோது, நடிகனை இகழ்ந்த நாக்குகள் சற்றே தயங்கின.

அவ்விளக்கின் ஒளி நம் நாட்டையும் எட்டியது. 1911இல் சுகுண விலாச சபையினர் கொழும்பு வந்து நாடகம் ஆடினர். 1913இல் இலங்கை சுபோத விலாச சபை அங்குத் தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கிய கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைத் தம் குருவாகப் போற்றியவர். தாமும் நடித்து, பிறரையும் பழக்கி, ஈழத்து மேடைக்கு ஒழுங்கு தந்தவர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பல பணிகளை ஒருவரே ஏற்பது கிழக்கிலங்கைக்குப் புதிதன்று. கூத்துக்குச் சட்டம் கொடுப்பது முதல் சதங்கை அணி விழா ஈறாக, அதன்பின் அரங்கேற்றம் வரை, பாட்டும் ஆட்டமும் பயிற்றி, மத்தளம் முழக்கிக் களரியை நடத்துபவர் அண்ணாவியார். சபை நாடகம் ஓங்கிய நாளில் கற்றோர் பலர் இவ்வண்ணாவியாரை ஏறெடுத்தும் பாராதது ஒரு குறையே. முதலியாரின் மேடை பெரும்பாலும் நகரத்துக் கற்றோரின் மேடை. அண்ணாவியாரின் களரியோ ஊரார் அனைவருக்கும் உரியது.

இவ்விருவரும் இன்று நம் பாடசாலைகளுக்குத் தேவைப்படுகின்றனர். 'நாடகமும் அரங்கியலும்' நம் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாக உள்ளது. ஆனால் போட்டி நெருங்கும் வேளையில் எங்கிருந்தோ பிரதியொன்றைப் பெற்று, அதனை மாணவர் மனனம் செய்து ஒப்புவிக்கும் வழக்கமும் உள்ளது. அங்கே பரிசு கிட்டலாம், நாடகம் பிறவாது. இறக்கக்கண்டிக் களப்பில் வலை வீசுவோரின் மகன், தன் தந்தை அதிகாலையில் பேசும் பேச்சைத் தானே எழுதட்டும், அதைத் தன் வாயால் பேசிப் பார்க்கட்டும், தோழர்க்கும் பயிற்றட்டும். தன் சொல்லுக்கும் அவையில் இடமுண்டு என்று அன்று அவன் அறிவான். நூற்பாடம் எளிதில் தரவியலாத அறிவு அது.

பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், நாடகம் இல்லையே என ஏங்கியிராது, தாமே எழுதத் துணிந்தார். அத்துணிவை நம் மாணவரிடம் வளர்ப்பதே அவர்க்கு நாம் செலுத்தும் தக்க அஞ்சலியாகும்.