சொன்ன வாயும் எழுதிய கையும்

ஐராவதேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொலை, கொள்ளை, லாக்கப் என்று இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேசப் போகிறோம். ஊர்ப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நமக்கு இங்கே இடம் இல்லாமல் போகவில்லை. இரண்டாம் இராசராசன் எடுத்த இந்தக் கோயிலின் சுவரில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. அந்த அடியார் வரிசையில் மெய்ப்பொருள் நாயனாரும் ஒருவர். அவரைக் கொல்ல வந்த முத்தநாதன் கத்தியை எங்கே ஒளித்து வைத்திருந்தான்? புத்தகக் கட்டுக்குள். ஆகமம் ஓதுவதாகச் சொல்லித்தான் அரசனின் பள்ளியறை வரை போனான். சுவடிக் கட்டை அவிழ்க்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

சோழ நாட்டில் நடந்த பெரிய குற்றம் இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. அதைப் பற்றி நமக்கு இருப்பது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறது. அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலம் போன கணக்கு இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆயிரம் ஆண்டாக ஊகமும், பிறகு நாவலும் குடியேறின. அருகில் இருந்தவர் எவருடைய குரலும் நம்மிடம் வந்து சேரவில்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பிடித்த அதிகாரி எழுதுகிறார், பிடிபட்டவர் எழுதுகிறார், பிணைக்கைதி எழுதுகிறார். வீரப்பன் ஒருவரைச் சுற்றியே ஓர் அலமாரி நிறையும். வேட்டையை நடத்திய விஜயகுமார் எழுதினார். 1997இல் வீரப்பனிடம் சிக்கிய படப்பிடிப்பாளர்கள் கிருபாகரும் சேனானியும் எழுதினார்கள். இடையில் மாட்டிக்கொண்டு அடிபட்ட சோளகர் பழங்குடியினர் யாரும், எனக்குத் தெரிந்து, நினைவுக்குறிப்பு எழுதவில்லை. அவர்கள் பட்டதை வழக்கறிஞர் ச. பாலமுருகன் ‘சோளகர் தொட்டி’ என்று நாவலாக எழுத வேண்டியிருந்தது.

ஆபத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் சொல்கிறார் என்றதும் நம்பிவிடுகிறோம். எனக்கு அதில்தான் சந்தேகம். சொன்ன வாய்க்கும் அச்சான பக்கத்துக்கும் நடுவில் யார் யார் கை இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டோ சங்கர் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். 1991இல் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதி மனைவியிடம் கொடுத்தார், அது வழக்கறிஞர் வழியாக வந்தது என்றது ‘நக்கீரன்’ தரப்பு. உயர் அதிகாரிகள் சிலருடன் அவருக்கு இருந்த நெருக்கம் அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்பினார்: இது அவர் எழுதியதே இல்லை, வெளியிடக் கூடாது என்று. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்பு. பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு ஒருவருடைய வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டினால் அவருடைய அந்தரங்க உரிமை குறுக்கே வரும். அச்சாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை கிடையாது. பின்னாளில் அந்தரங்க உரிமை பேசிய பல வழக்குகளில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது.

நமக்கு வேண்டியது தீர்ப்பின் இன்னொரு மூலையில் இருக்கிறது. கைதி அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை. ஆகவே அவர் எழுதவும் இல்லை, வெளியிடச் சொல்லவும் இல்லை என்று வைத்துக்கொண்டே நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். 1995 ஏப்ரல் 27ஆம் தேதி சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தமிழில் மிகப் பரபரப்பாகப் படிக்கப்பட்ட குற்ற வாழ்க்கை வரலாற்றை எழுதிய கை யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. நம் பல்கலைக்கழகங்களும் கேட்கவில்லை. வாரப்பத்திரிகைத் தொடர் ஆராய்ச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டோம். அது நம் கல்வித்துறையின் பழைய கர்வம்.

வாக்குமூலமும் தன்வரலாறுதான், எழுதுகிறவர் மட்டும் போலீஸ்காரர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. பாட்டரி வாங்கிக் கொடுத்ததாக அவர் வாக்குமூலம் இருந்தது. அது எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை என்று, அதை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். விடுபட்டது ஒரு வாக்கியம். 2022 மே 18ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது.

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ வேறு மாதிரி. 1983இல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடைத்தது. எந்தத் திருட்டு, யார் வீட்டில், ஒன்றும் தெரியாது; ஒத்துக்கொள் என்று அடி. அந்த அறைக்கு வெளியே நடந்ததைத் தெரிந்த மாதிரி அவர் எழுதவே இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அந்தக் கொஞ்சத்தோடு நின்றதால்தான் புத்தகம் நிற்கிறது. இதை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’யைப் பார்த்துவிட்டு நூலைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தின் பின்பாதி இந்தப் புத்தகத்தில் கிடையாது.

‘திருடன் மணியன்பிள்ளை’யும் நாளை பேச்சுக்கு வருகிறது. சொன்னவர் திருடர், மலையாளத்தில் எழுதியவர் இந்துகோபன், தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர் குளச்சல் மு. யூசுப். மூன்று கையும் அட்டையிலேயே தெரிகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

கடைசியாக நம் மண்ணுக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் இராமையாவின் குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார், சாகித்திய அகாதெமி விருது வந்தது. பாரதி கிருஷ்ணகுமார் ‘இராமையாவின் குடிசை’ ஆவணப்படம் எடுத்தார். அந்த ஊர்க்காரர் தன் பெயரில், தன் பேச்சில் சொன்ன புத்தகங்கள் நம் நூலக அலமாரிகளில் எத்தனை என்று நீங்களே தேடிப் பாருங்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இன்று அறுபது வயதுக்கு மேல்.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் கேட்கிறேன். வருகிற டிசம்பருக்குள் போய்ப் பதிவு செய்யுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடுங்கள், எடுத்தோம் என்று குறியுங்கள். ஒலிப்பதிவின் ஒரு படியை அந்த ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இவ்வளவையும் சொல்லி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.