நிலையம் இல்லாத ஊரின் வானொலி



வானொலியின் பொற்காலம் பற்றிச் சேலத்தில் கருத்தரங்கு என்றதும், "அந்தக் காலத்தில் சேலத்தில் ஏதய்யா நிலையம்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் ரேடியோ கிளப் தொடங்கியது சென்னையில். பணமுடையால் 1927-இல் அது நின்று, கருவிகள் மாநகராட்சியிடம் போயின. அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-இல் சென்னைக்கு வந்தது. 1939 மே 16-இல் திருச்சிக்கு வந்தது. நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வாய்த்தது கேட்கும் வேலை மட்டும். நிலையங்களின் கதையை நிலையங்கள் எழுதிக்கொள்ளட்டும். கேட்டவர்களின் கதையை நாம் எழுதலாம் என்பதே என் கட்சி.

அதற்கு நல்ல சான்று இங்கேயே, ஏற்காடு சாலையில் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. அதன் 'மந்திரி குமாரி' 1950-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டில் பி.வி. கேஸ்கர் வானொலியைக் கவனிக்கும் மத்திய அமைச்சரானார். திரைப்பாடல் அவருக்கு ஆகாது. பாட்டுக்கான நேரத்தைச் சுருக்கினார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் முறுக்கிக்கொண்டு பாடல்களைத் தர மறுத்தார்கள். ஆதாயம் கொழும்புக்கு. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படையினருக்காக ஏகலையில் வைத்த 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. சேலத்துப் படத்தின் பாட்டு இசைத்தட்டாகக் கடல் தாண்டிப் போய், சிற்றலையில் ஏறிச் சேலத்துக்கே திரும்பியது. பக்கத்துத் திருச்சியை விட்டுவிட்டு நம்மவர்கள் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். எஸ்.பி. மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் இங்கே வீட்டுப்பிள்ளைகளானது அப்படித்தான். 1957 அக்டோபரில் திரைப்பாடலுக்கு இடம் தந்த விவித் பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கிவந்தது. பிடிவாதம் பிடித்து நேயர்களை இழந்த அரசு என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முள்ளைத் திருப்புவதும் லேசான வேலையல்ல. கூரைமேல் இரண்டு மூங்கில் நட்டு, பீங்கான் குமிழ்களுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்து, அதன் நுனியை ஜன்னல் வழியே பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வால்வு சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். சில பெட்டிகளில் பச்சைக் கண் ஒன்று உண்டு. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அதன் நிழல் ஒடுங்கும். அப்படிப் பிடித்தாலும் சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால், சரணத்தின் நடுவில் அமுங்கிப்போய் மீண்டும் எழும். பாட்டின் அந்தப் பாதியை வீட்டில் யாராவது பாடி நிரப்புவார்கள்.

பொற்காலம் எது என்றால், அமெரிக்க வானொலிக்கு 1930-களும் 40-களும் என்பார்கள். தொலைக்காட்சி வந்து அதை முடித்துவைத்தது. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே வானொலி நம் குழித்தறிக்கும் டீக்கடைக்கும் தோட்டத்துக்கும் போனது. விசைத்தறி பெருகியதும், அந்த இரைச்சலில் எந்த அறிவிப்பாளரும் எடுபடவில்லை. வேளாண்மைப் பக்கம் பார்த்தால், தஞ்சையில் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது, திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பால். சேலத்து மரவள்ளிக்காரர் அதே ஒலிபரப்பிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்? இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 'வானொலி' இதழ் என்ன ஒலித்தது என்பதைச் சொல்லும். யார் கேட்டார் என்பதற்கு, அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த உரிமப் புத்தகங்களைத் தேடுங்கள். 1980-களில் அந்த முறை ஒழிந்ததும் பலர் எடைக்குப் போட்டுவிட்டார்கள். ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய பில் புத்தகங்களையும் பாருங்கள். ஆனால் உரிமக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்: உரிமம் இல்லாத பெட்டிகள் சோதனைக்குப் பயந்து பரண் ஏறியதும் உண்டு.

இந்தக் கருத்தரங்கின் முதல் கட்டுரை பஞ்சாயத்து வானொலி பற்றியது. கூம்பு ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் பொது என்று ஆவணம் சொல்லும். கட்டுரையாளரிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன்: பெட்டி இருந்த அறையின் சாவி எந்தத் தெருவில் இருந்தது? எந்தத் தெருக்காரர்கள் திண்ணைக்குக் கீழே நின்று கேட்டார்கள்?