கூலிப் புத்தகமும் விடுதலைக் கொடியும்

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு இருக்கிறது. அந்தத் தீவின் ஜனங்கள் விடுதலை கேட்டு எழுந்தது ஏன்? யாரோ தூண்டிவிட்டதாலா? இல்லை. வயற்காட்டில் பிறந்தது அந்தப் போராட்டம்.

ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஸ்பெயின் அந்தத் தீவை ஆண்டது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். அடிமையல்லாத ஏழையாவது சுதந்திரமாக இருந்தானா? அதுவும் இல்லை. 1849-ல் கவர்னர் பெசுவேலா ஓர் உத்தரவு போட்டார். நிலமில்லாதவன் கூலிக்குப் போயே தீரவேண்டும். கையில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும். அவனுடைய வேலை, நடத்தை, கடன் எல்லாவற்றையும் அதில் எழுதுகிறவர் முதலாளி! அவர் எழுதியதே தீர்ப்பு.

1868 செப்டம்பர் 23-ந் தேதி, லாரெஸ் என்ற மலையூரில் மக்கள் ஆயுதமேந்தினார்கள். நாடு கடத்தப்பட்டிருந்த டாக்டர் பெதான்சேஸ் அதற்கு வழிகாட்டி. குடியரசைப் பிரகடனம் செய்த கையோடு, கூலிப் புத்தக முறை ஒழிந்தது என்றார்கள். போரில் சேரும் அடிமைகள் சுதந்திர மனிதர்கள் என்றார்கள். எழுச்சி விரைவிலேயே நசுக்கப்பட்டது. ஆனால், 1873-ல் புத்தகமும் ஒழிந்தது, அடிமை முறையும் ஒழிந்தது. அப்போதும் நஷ்டஈடு யாருக்கு? எஜமானர்களுக்கு! விடுதலையானவர்களுக்கோ மேலும் மூன்றாண்டு ஒப்பந்தக் கூலி.

1898 ஜூலை 25-ல் அமெரிக்கப் படை வந்திறங்கியது. அந்த டிசம்பரில் பாரிஸில் உடன்படிக்கை எழுதித் தீவைக் கைமாற்றினார்கள். அந்த மேசையில் போர்ட்டோ ரிக்கோவின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. எந்தக் கம்பெனியும் 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கலாகாது என்று 1900-ல் அமெரிக்கக் காங்கிரஸ் விதித்தது. நாற்பது ஆண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காய்! சர்க்கரைக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வளைத்துக்கொண்டன.

1934-ல் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்காகப் பேச தேசியக் கட்சித் தலைவர் அல்பீசு காம்போஸை அழைத்தார்கள். 1937 மார்ச் 21-ல் போன்ஸே நகரில் நிராயுதபாணிகளின் ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டது. 19 பேர் மாண்டார்கள். 1948-ல் வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது. 1950-ல் எழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது.

1952-ல் சொந்த அரசியல் சட்டம் கிடைத்தது. ஆயினும் அந்தத் தீவில் வசிப்போருக்கு ஜனாதிபதித் தேர்தலில் இன்றும் ஓட்டில்லை. தீவின் வரவு செலவுக்கு மேலே 2016-ல் அமெரிக்கா ஒரு வாரியத்தையும் உட்கார வைத்தது. தனிநாடா, அமெரிக்க மாநிலமா என்பதில் அந்த மக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே.

தோழர்களே! நிலம் யார் கையில், கணக்கெழுதும் பேனா யார் கையில்? லாரெஸ் மக்கள் கேட்ட கேள்வி இதுதான். ஆண்டுதோறும் செப்டம்பர் 23-ல் அதே ஊரில் கூடி, அவர்கள் சந்ததியினர் இன்னமும் அதைக் கேட்கிறார்கள்.