நோயுற்ற தோழனும் நாமும்



நெடுநாள் நோயுற்றிருந்த மாணவன் ஒருவனின் பெயரை வருகைப் பதிவேட்டினின்று நீக்க நான் ஒருமுறை கையொப்பமிட்டேன். விதிப்படி அது சரியே. ஆயினும், குணமடைந்து மீண்ட அச்சிறுவன், தன் பெயர் அழைக்கப்படுமென்று காத்து நின்ற முகம் இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிறுவனமொன்று, 'ஏவி 1' என்னும் சிறு இயந்திரத்தைச் செய்தது. வகுப்பறை மேசைமீது அதனை அமர்த்துவர். நோயுற்ற பிள்ளை, படுக்கையில் இருந்தபடியே அதன் தலையைத் திருப்பி வகுப்பைக் காணலாம். அதன் வாயிலாகப் பேசலாம். கை உயர்த்துவதற்கு ஈடாக அதன் தலையில் விளக்கு மின்னும். ஒன்றை நோக்குங்கள்: பிள்ளையின் முகம் மட்டும் வகுப்பிற்குத் தெரியாது. மருந்தினால் முடி உதிர்ந்த பிள்ளை, பிறர் பார்வைக்குக் கூசவேண்டுவதில்லை. அறிவோடு கருணையும் சேர்ந்த அமைப்பு அது.

ஆனால் அவ்வியந்திரத்திற்குக் கால்கள் இல்லை. ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு அதனைத் தூக்கிச் செல்வது ஒரு தோழனின் கையே. அக்கை இல்லையேல் கருவியால் பயன் என்ன?

உங்கள் வகுப்பிலும் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கலாம். வீட்டிலுள்ள கைப்பேசியில் இன்று மாலையே அத்தோழனை அழையுங்கள். பாடத்தை மட்டுமன்று, பந்தாட்டத்தில் வென்றவர் யாரென்பதையும் சொல்லுங்கள். பதிவேடு அவன் பெயரை விட்டுவிட்டாலும், நீங்கள் விடாதீர்கள்.