மலையில் பெய்த மழை, மலையில் கீறிய எல்லை

உச்சமுனையில் இருந்து இதைக் கேட்பவர்களுக்கு மலை என்பது தூரத்துச் சங்கதி. அங்கே உயரம் என்றால் மணல்மேடுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கந்தோர் வேலை எதுவென்றாலும் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போக வேண்டும். அப்படியிருக்க இன்றைக்கு மத்திய மாகாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த மலையின் தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் களப்புக்குத்தான் வருகிறது, அதனால்தான்.

அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் பெய்கிற மழை ஆக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியோடு சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலைத் தொடும் ஆறு. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் 1976இல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் அணை கட்டி, ஆற்றின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவலை மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து சுது கங்கை, போவத்தென்ன நீர்த்தேக்கம், அப்புறம் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ. வயல்கள் குடித்தது போக மிச்சம் கலா ஓயாவில் இறங்கி, வில்பத்துவின் தெற்கெல்லையை ஒட்டி வந்து, கங்கேவாடியக் கண்டல் காட்டுக்குள்ளால் புத்தளம் களப்பில் விழுகிறது. மாரியில் களப்பின் உப்பு குறைவதற்கு அந்த ஓயாவும் ஒரு காரணம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலின்போது கண்டியிலும் நுவரெலியாவிலும் மலை சரிந்து ஆட்களைப் புதைத்த அதே நாட்களில் கலா ஓயாவும் கரை புரண்டது.

கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டங்கள் சேர்ந்தது மத்திய மாகாணம். பரப்பு 5,674 சதுர கிலோமீற்றர். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை, 2,524 மீற்றர், நுவரெலியா நகரத்தின் தலைமாட்டில் நிற்கிறது. அதற்காக மாகாணம் முழுவதும் குளிர்தேசம் என்று நினைத்துவிடாதீர்கள். மாத்தளை மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, சீகிரிய பக்கம் போனால் நம் புத்தளத்து வெயில்தான். மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். அதே வேளையில் கிழக்குச் சரிவில் வலப்பனையில் வானம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே மாகாணத்துக்குள் இரண்டு மழைக்காலம்.

நிர்வாகத்துக்கு வருவோம். 1833இல் ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோதே மத்திய மாகாணம் பிறந்துவிட்டது. நம் வடமேல் மாகாணம் 1845இல் வந்தது. மாகாண சபை என்பது 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தந்த ஏற்பாடு. அதற்குக் கீழே கண்டி, மாத்தளை, நுவரெலியா, தம்புள்ளை ஆகிய நான்கும் மாநகர சபைகள். ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை, கம்பளை போன்ற ஊர்களுக்கு நகர சபை. மிச்சமெல்லாம் பிரதேச சபைகள். இங்கேதான் என் மனதை உறுத்துகிற விஷயம் இருக்கிறது.

வீதி, வடிகான், விளக்கு, குப்பை, சந்தை, வாசிகசாலை, மயானம்: பிரதேச சபையின் வேலை பெரும்பாலும் இவைதான். சின்ன வேலைகள், ஆனால் மனிதன் காலையில் கதவைத் திறந்ததும் காலில் படுகிற வேலைகள். தோட்டத்தில் ஒரு லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் ஒரு வடிகான், அதைத் தாண்டினால் பிரதான வீதிக்கு இறங்குகிற கல் ரோட்டு. மழைக்கு அது அரித்துப் போகும். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிய முச்சக்கரவண்டி அதில் ஏறாது. சபையிடம் கேட்டால் தோட்டத்து ரோட்டு என்று சொல்லிவந்தார்கள். தோட்டத் துரையிடம் கேட்டால் கம்பனிக்கு அதற்குக் காசில்லை என்பார். கடிதம்கூட வீட்டு இலக்கத்துக்கு வராது. தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரவேண்டும்.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். 1948இல் குடியுரிமை போய், தலைமுறைகள் கழித்து அது திரும்பி வந்தவர்கள் இந்தத் தோட்டத்து மக்கள். வாக்குப் போடலாம், தங்கள் ஆளையே தவிசாளராக உட்கார வைக்கலாம், ஆனால் அந்தத் தவிசாளர் தன் லயத்து வாசலுக்கு ஒரு மூடை சீமெந்து அனுப்பினால் கணக்காய்வாளரின் கேள்விக்கு அஞ்ச வேண்டியிருந்தது. இதைவிட விசித்திரமான உள்ளூராட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பது வருடம் கழித்து.

எல்லையும் அப்படித்தான். நுவரெலியா மாவட்டத்தில் முன்னர் நுவரெலியாப் பிரதேச சபை ஒன்று, அம்பகமுவைப் பிரதேச சபை ஒன்று. இரண்டு பிரதேசங்களிலும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம், பெரும்பாலும் தோட்டத்துச் சனம். மலையில் பத்துக் கிலோமீற்றர் என்றால் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறுகிற பாதை. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். வள்ளத்துக்குக் காத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன்னர் அந்த இரண்டையும் ஆறாக்கினார்கள். கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய நான்கும் புதிதாக வந்த சபைகள். அதோடு நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச சபைகள் ஒன்பதாயின.

மேல்தட்டான மாகாண சபையின் கதை வேறு. 2013 செப்டம்பர் 21இல் மத்திய, வடமேல், வட மாகாணங்கள் ஒரே நாளில் வாக்களித்தன. உங்களில் பலர் அன்றைக்கு மை பூசிக்கொண்டிருப்பீர்கள். 2018 ஒக்டோபரில் மூன்று சபைகளின் காலமும் முடிந்து, அதிகாரம் ஆளுநர்களிடம் போனது. அதன்பின் வருடங்கள் ஓடின, தேர்தல் வரவில்லை. பிரதேச சபைகளும் 2023இல் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலோடுதான் மறுபடி ஆட்களைக் கண்டன.

இப்போது மலையில் சபை உறுப்பினர் ஒருவர் சட்டம் விடாது என்று கை விரிக்க முடியாது. காசில்லை என்று சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கிறது. பிரதேச சபையின் சொந்த வருமானம் கடைத்தெரு வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவைதான். பஜார் ஒரு முழ நீளம், அதைச் சுற்றி மலை மலையாகத் தோட்டம். அந்தத் தேயிலை நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். அந்த நிலத்தில் இருந்து சபைக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை யார் கேட்பது, கொழும்பா, கண்டியா, அக்கரப்பத்தனையா? லயத்து ரோட்டுக்குக் கல் விழுவது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.