ஒரு துளி ரத்தத்தில் தெரிந்தது
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பழங்கதை வேண்டாம்ப்பா, பசங்களுக்கு ஏதாவது விஷயம் சொல்லு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். சரி, நாம் விரலைக் குத்தி, கண்ணாடியில் ரத்தம் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஊற்றினோமே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நல்ல ரத்தத்தில் நியூட்ரோஃபில் அணுவுக்குள் துகள்கள் பொடிப்பொடியாக இருக்கும். 1943-இல் கியூபா நாட்டு டாக்டர் பெகெஸ் சேசார் பார்த்த குழந்தைகளுக்கோ அவை உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தன. ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்தது, 1952-இலும் 1954-இலும் எழுதிய செடியாக், ஹிகாஷி இருவருக்கும்! முதலில் பார்த்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இல்லை.

காரணமான மரபணு 1996-இல்தான் பிடிபட்டது. பெயர் 'லிஸ்ட்'. அது உண்டாக்கும் புரதத்தில் 3801 அமினோ அமிலங்கள். லைசோசோம் எவ்வளவு பருக்கலாம், எங்கே போகலாம் என்பதெல்லாம் இதன் பொறுப்பு. இது கெட்டால் பைகள் ஊதிப் பெருக்கின்றன. கொல்லி அணு, வைரஸ் புகுந்த அணுவைச் சரியாகத்தான் பிடிக்கிறது. ஆனால் நச்சுப் பை வெளியே வர வேண்டுமே! சவ்வுக்கடியில் உள்ள ஆக்டின் வலையின் கண்ணில் அந்தப் பெரிய பை நுழையவில்லை. ஆய்வுக்கூடத்தில் வலையைத் தளர்த்திப் பார்த்தார்கள், பை வெளியே வந்தது. ஆயுதம் இருக்கிறது, வாசல்தான் சின்னது.

எதிரி சாகாததால் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறது. கடைசியில் உடம்பின் சொந்த அணுக்களே ரத்த அணுக்களைத் தின்னத் தொடங்குகின்றன. அந்தக் கட்டத்துக்கு முன்பே எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிள்ளை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நரம்புத் தளர்ச்சியை மட்டும் அது தடுப்பதில்லை. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மெலனின் பையும் லைசோசோமின் உறவுதான். அதனால் முடியில் வெள்ளி மினுக்கு. "என்ன அழகான முடி" என்று ஊரே கொஞ்சும். அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் காய்ச்சலும் சீழ்க்கட்டியும் வந்தால் யோசியுங்கள். இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இந்த நோய். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் ஊரில் இதை அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்போது எண்ணிக்கை எல்லாம் மெஷின் கொடுக்கிறது. "வெள்ளணு குறைவு" என்று அச்சடித்துத் தரும். உருண்டையைப் பற்றி அது சொல்லும் என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. அதற்கு ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

பின்வரிசை மேசையில் நுண்ணோக்கியும் இரண்டு ஸ்லைடும் வைத்திருக்கிறேன். எண்ணெயும் விட்டாயிற்று. டீ குடித்துவிட்டு வாங்க, எது நல்லது, எது நோய் என்று நீங்களே சொல்லுங்கள்.